கேள்வி கேட்போரும் விளக்கம் தருவோரும்: அண்மைக்கால ஆங்கில நாடகங்கள் மூன்று

நாடகம் என்றவுடன் நம் சபையாரின் நினைவுக்கு வருவது பெரும்பாலும் கிறிஸ்து பிறப்பு விழா நாடகமே. மேய்ப்பரும் சாஸ்திரிகளும் ஏரோது மன்னனும் மேடைக்கு வந்து போவர். திரை விழுந்தபின் குருவானவர் எழுந்து, கண்டவற்றின் பொருளைச் சில சொற்களில் எடுத்துரைத்து, ஜெபத்தோடு கூட்டத்தை முடித்து வைப்பார். இவ்வழக்கத்தில் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் இது நம்முள் ஓர் எண்ணத்தை வேரூன்றச் செய்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. நாடகம் என்பது விளக்கவுரைக்கு முன்னால் வரும் காட்சி. அதன் மெய்ப்பொருள் விளக்கவுரையில்தான் இருக்கிறது என்பதே அவ்வெண்ணம்.

ஆகவே புதிய நாடகம் ஒன்றைப் படிக்கும்போதும், ‘இது கூறும் செய்தி யாது?’ என்ற வினாவையே முதலில் எழுப்புகிறோம். செய்தி கிடைத்தால் அருளுரைக்கு எடுத்துக்காட்டாக அதை வைத்துக்கொள்கிறோம். கிடைக்காவிடில், குழப்பமான நாடகம் என்று ஒதுக்கிவிடுகிறோம். இன்றைய சிறந்த நாடகாசிரியர் பலர் செய்தி கூறுவதற்காக எழுதுவதில்லை. செய்தி கூறுவோரை மேடையில் நிறுத்தி, அவர்கள் கூற்றை யார் எவ்வாறு தாங்குகிறார் என்பதைக் காட்டவே எழுதுகின்றனர். இவ்வுண்மையை விளக்க, 2000-ஆம் ஆண்டு முதல் மேடையேறிய மூன்று ஆங்கில நாடகங்களை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று குறுநாடகம், மற்றொன்று நான்கே பாத்திரங்களைக் கொண்ட, இடைவேளையின்றி நடைபெறும் நாடகம், மூன்றாவது, ஒரு சபையின் வாழ்வையும் பிளவையும் முழுமையாகக் காட்டுவது. பின்னவை இரண்டும் கிறிஸ்தவ ஊழியர்களையே மையப் பாத்திரங்களாகக் கொண்டவை. மூன்றிலும் அதிகாரம் உடைய ஒருவர் விளக்கம் தருகிறார். அதிகாரம் அற்ற ஒருவர் கேள்வி கேட்கிறார். நாடகத்தின் முழுச்சுமையும் கேள்வி கேட்பவர் பக்கமே சாய்கிறது என்பது நமது துணிபு.

1. குறுநாடகமும் முழுநீள நாடகமும்

குறுநாடகத்தை முழுநீள நாடகத்தின் சுருக்கம் எனக் கருதுதல் தவறு. சிறுகதை எவ்வாறு நாவலின் சுருக்கம் அன்றோ, அவ்வாறே இதுவும். குறுநாடகம் ஒரு நிலைமையைப் பளிச்சென்று காட்டிவிட்டு, அதன் விளைவுகளை நிறுத்துப் பார்க்கும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறது. முழுநீள நாடகமோ, வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் யார் யாரிடம் சென்று என்ன செய்கிறது என்பதைப் படிப்படியாகத் தொடர்ந்து காட்டுகிறது. முன்னதில் அதிர்ச்சி மிகுதி. பின்னதில் விலைக்கணக்கு மிகுதி.

திருமறையை அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தாவீதின் முன்னே நாத்தான் கூறிய ஆட்டுக்குட்டியின் கதை (2 சாமு. 12) குறுநாடகத்தின் இயல்புடையது. கதை முடியுமுன் கேட்டவனே தீர்ப்பு வழங்கிவிடுகிறான். அத்தீர்ப்பு அவன் மேலேயே விழுகிறது. யோபின் நூல் முழுநீள நாடகத்தின் இயல்புடையது. அதில் நண்பர்கள் விளக்குகின்றனர், யோபு கேட்கிறான். பல அதிகாரங்கள் கடந்தபின், கடவுளின் சினம் விளக்கியவர்கள் மேலேயே திரும்புகிறது (யோபு 42:7). இந்நூலை நண்பர்களின் பக்கம் நின்று படித்தவர்கள் இவ்விடத்தில் திடுக்கிடாமல் இருக்க முடியாது.

எனவே புதிய நாடகத்தைப் படிப்பவர் மூன்றைக் கவனித்தல் நலம். யார் கேட்கிறார்? யார் விளக்குகிறார்? யாரைப் பற்றிப் பேசப்பட்டும் அவர் வாய் திறக்க இடம் பெறவில்லை? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் ‘செய்தி’யைத் தேடினால் போதும். பெரும்பாலும் அப்போது அதைத் தேடவேண்டிய தேவை எழாது.

2. சிறுமியின் கேள்விகள்

கேரில் சர்ச்சில் 1938-இல் பிறந்தவர். இங்கிலாந்தின் இன்றைய நாடகாசிரியருள் தலைமையானவர். அவரது ‘ஃபார் அவே’ என்னும் நாடகம் 2000-ஆம் ஆண்டு லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறியது. தலைப்பை ‘வெகு தொலைவில்’ எனலாம். ஒரு மணி நேரத்திற்கும் குறைவாக நடைபெறும் இந்நாடகம் மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒவ்வொரு பகுதிக்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன.

முதற்பகுதியில் ஜோன் என்னும் சிறுமி அத்தை ஹார்ப்பரின் வீட்டில் தங்கியிருக்கிறாள். இரவில் உறக்கம் வரவில்லை. ஓர் அலறலைக் கேட்டதாகக் கூறுகிறாள். அது ஆந்தை என்கிறாள் அத்தை. சிறுமி அதோடு நிற்கவில்லை. தான் வெளியே சென்றதையும், மாமா யாரையோ கொட்டகைக்குள் தள்ளியதையும், தரையில் இரத்தம் கிடந்ததையும், உள்ளே குழந்தைகளும் இருந்ததையும், மாமா அவர்களை அடித்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். ஒவ்வொரு செய்திக்கும் அத்தை ஒரு புதிய விளக்கம் தருகிறாள். புதிய விளக்கம் வந்ததும் பழையது பொய் என்று ஆகிறதே என்பதைப் பற்றி அவள் கவலைப்படுவதில்லை. முடிவில், துன்புறும் மக்களை மாமா தப்புவித்து அனுப்புகிறார் என்றும், அடிபட்டவர் துரோகி என்றும், இனி ஜோனும் இந்த நற்பணியில் ஒரு பங்காளி என்றும் அத்தை கூறிவிடுகிறாள். காலையில் சுத்தம் செய்யும் வேலையில் சிறுமியும் உதவலாம் என்று அக்காட்சி முடிகிறது.

நாடக வன்மை என்பது இதுதான். மேடையில் ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை. சிறுமியும் அத்தையும் அன்பாகவே பேசிக்கொள்கின்றனர். ஆயினும் சில நிமிடங்களில் ஒரு சாட்சி, உடந்தையாக மாற்றப்பட்டுவிடுகிறாள். அவளை மாற்றியது அச்சுறுத்தலன்று, விளக்கமே.

இரண்டாம் பகுதியில் ஜோன் தொப்பி செய்யும் கலைஞர். உடன் பணிபுரியும் டாட் என்பவனோடு கலையைப் பற்றியும் நிறுவனத்தின் ஊழலைப் பற்றியும் ஆர்வத்தோடு பேசுகிறாள். காட்சிதோறும் தொப்பிகள் பெரிதாகின்றன. அவற்றை அணிந்து ஊர்வலமாகச் செல்வோர் கொலைக்களத்திற்குக் கொண்டுபோகப்படும் கைதிகள் என்பது பிறகே நமக்குத் தெரிகிறது. அவர்கள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. தொப்பிகள் உடல்களோடு எரிக்கப்படுவதைப் பற்றித்தான் ஜோன் வருந்துகிறாள். நிர்வாகத்தின் நேர்மையைப் பற்றி அக்கறை கொண்ட இளைஞர் இருவர், தங்கள் தொழில் எதற்குப் பயன்படுகிறது என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. சிறுமியாய் இருந்தபோது அவளிடம் இருந்த கேள்வி அவிந்துவிட்டது.

மூன்றாம் பகுதியில் உலகம் முழுவதும் போர்க்களமாகிவிட்டது. நாடுகள் மட்டுமன்றி விலங்குகளும் பறவைகளும் தொழிலாளர் பிரிவுகளும் பக்கம் பிரிந்து போரிடுகின்றன. முடிவில், கடக்க வேண்டிய ஆறு யார் பக்கம் என்பதும் தெரியவில்லை. இப்பகுதி பொருளற்ற விளையாட்டு என்று சிலர்க்குத் தோன்றக்கூடும். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இரத்தத்திற்கு ஒருமுறை விளக்கம் சொல்லப் பழகிய மொழி, பிறகு எதையும் எவரையும் பகையாக்க வல்லது என்ற தருக்கம் முதற்காட்சியிலேயே விதைக்கப்பட்டுவிட்டது. குறுநாடகத்தின் சிக்கனம் இங்கே முழுப்பயன் தருகிறது. ஆசிரியர் இடைப்பட்ட ஆண்டுகளைக் காட்டியிருந்தால், ஜோன் ஏன் இவ்வாறானாள் என்பதற்கு நாம் நூறு காரணம் கண்டுபிடித்து ஆறுதல் அடைந்திருப்போம்.

ஊழியர்க்கு இந்த அத்தை அந்நியள் அல்லள். சாவு வீட்டிலும், சாதியின் பெயரால் தீ வைக்கப்பட்ட குடியிருப்பிலும், கேள்வி எழுந்தவுடன் விளக்கம் சொல்ல விரையும் நாவு நமக்கும் உண்டு. நம் விளக்கம் பொய் அல்லாததாய் இருக்கலாம். ஆயினும் அது கேள்வியை நிறுத்துவதற்காகச் சொல்லப்படும்போது, ஹார்ப்பரின் ஆந்தையையே ஒத்திருக்கிறது.

3. மேடைக்கு வராத சிறுவன்

ஜான் பாட்ரிக் ஷான்லியின் ‘டவுட்’, அதாவது ‘ஐயம்’, 2004-இல் நியூயார்க்கில் மேடையேறி 2005-இல் புலிட்சர் பரிசு பெற்றது. கதை நிகழ்வது 1964-இல், நியூயார்க் பிராங்ஸ் பகுதியிலுள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளியில். தலைமை ஆசிரியை அருட்சகோதரி அலாய்ஷியஸ் கண்டிப்பு மிக்கவர். குருவானவர் ஃபிளின் இனிய சொல்லும் புதிய நோக்கும் உடையவர். டொனால்டு மல்லர் என்னும் சிறுவன் அப்பள்ளியின் முதல் கறுப்பின மாணவன். குருவானவர் அச்சிறுவனிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்ற ஐயம் தலைமை ஆசிரியைக்கு எழுகிறது. சிறுவன் பீடத்தின் திராட்சரசத்தைக் குடித்துவிட்டான். அவனைக் காப்பாற்றவே மறைத்தேன் என்கிறார் குருவானவர். இளம் ஆசிரியையான ஜேம்ஸ் சகோதரி அதை உடனே ஏற்கிறார். அவ்விளக்கத்திற்குச் சான்று உண்டு என்பதால் அன்று; மன அமைதி மீண்டும் கிடைக்கிறது என்பதால். மனித இயல்பை ஆசிரியர் கூர்ந்து நோக்கியதற்கு இதுவே போதிய சான்று.

நாடகத்தின் உச்சம் சிறுவனின் தாய் தோன்றும் ஒரே காட்சியாகும். தலைமை ஆசிரியை அவரிடம் தம் ஐயத்தைக் கூறி, அவர் வெகுண்டு எழுவார் என எதிர்பார்க்கிறார். தாயோ, ஜூன் மாதம் வரை அவன் இங்கே இருக்கட்டும் என்கிறார். தந்தை அவனை அடிக்கிறார். முந்திய பள்ளியில் அவன் உயிருக்கே ஆபத்து இருந்தது. இங்கே தேர்ச்சி பெற்றால் நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கும். அவன்மேல் பரிவு காட்டும் ஆடவர் இவர் ஒருவரே. தாயின் நிலைப்பாட்டை நாம் ஏற்க முடியாது. ஆனால் அதை மறுத்துப் பேசவும் தலைமை ஆசிரியையிடம் சொல் இல்லை. நியாயத்தின் பெயரால் பேசுவோர் ஏழைத் தாய் ஒருத்தியின் கணக்கைக் கேட்டே இராதவர்கள் என்பது அக்கணத்தில் வெளிப்படுகிறது.

குருவானவர் குற்றவாளியா, அல்லரா? இதைப் பற்றியே வகுப்பறைகளில் விவாதம் நடைபெறும். ஆசிரியர் விடை கூறவில்லை. நமது கருத்தில், அவ்விவாதமே ஒரு வலை. அதில் விழுந்தோர் நாடகத்தின் பெரும் வெற்றிடத்தைக் காணத் தவறிவிடுவர். டொனால்டு மேடைக்கு வரவேயில்லை. அவனைக் குறித்து நால்வர் பேசுகின்றனர்; அவனை அழைத்துப் பரிவோடு உட்காரவைத்துக் கேட்டவர் ஒருவரும் இலர். குருவானவர் அப்பள்ளியை விட்டுச் செல்கிறார். வேறொரு பங்கிற்குப் பதவி உயர்வோடு அனுப்பப்படுகிறார். பாஸ்டன் நகரில் குருக்கள் இவ்வாறு பங்கிலிருந்து பங்கிற்கு மாற்றப்பட்ட செய்தி 2002-இல் நாளிதழில் வெளிவந்து திருச்சபையை உலுக்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது இந்நாடகம் என்பதை மறக்கலாகாது.

இறுதியில் தலைமை ஆசிரியை தமக்கும் ஐயங்கள் உண்டு என்று உடைந்து அழுகிறார். இம்முடிவு சிறிது செயற்கையானது; தலைப்பை நிறைவேற்றவே வைக்கப்பட்டது போலும். மேலும் ஐயத்தை உயர்ந்த ஆன்மிக நிலையாகப் போற்றும் நம் காலத்து இறையியல் பழக்கத்திற்கு இது எளிதில் இரையாகக்கூடும். ஐயம் மனத்தாழ்மையைத் தரலாம். ஆனால் ‘நமக்கு உறுதியாகத் தெரியாது’ என்பது ஒரு சிறுவனைக் காப்பதற்கும் அவன் சொல்லைக் கேட்பதற்கும் தடையாக நின்றால், அது தாழ்மையன்று. நாடகம் இதைக் கூறவில்லை. சிறுவனின் இன்மையால் நம்மை எண்ண வைக்கிறது.

4. ஒலிபெருக்கியில் பேசும் போதகர்

லூகஸ் நேத் எழுதிய ‘தி கிறிஸ்டியன்ஸ்’ 2014-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் மேடையேறி, 2015-இல் நியூயார்க்கை அடைந்தது. மேடை ஒரு பெரிய சபையின் ஆலயமாகவே அமைக்கப்படுகிறது. பாடகர் குழு பாடுகிறது. போதகர் பவுல் அருளுரை ஆற்றுகிறார். சிறிய கடையறை ஒன்றில் தொடங்கிய சபை பல்லாயிரவர் கூடும் சபையாக வளர்ந்துவிட்டது. கட்டடக் கடனும் தீர்ந்துவிட்டது. அந்த நன்னாளிலே போதகர் ஒரு செய்தியை அறிவிக்கிறார். எரியும் கடைக்குள் பாய்ந்து தன் தங்கையைக் காப்பாற்றி உயிர்விட்ட, கிறிஸ்தவன் அல்லாத ஒரு சிறுவனைப் பற்றி அருட்பணியாளர் ஒருவர் சொல்லக் கேட்டாராம். அவன் நரகத்தில் இருக்கிறான் என்பதைத் தம்மால் ஏற்க இயலவில்லை. இனி இச்சபை நரகத்தை நம்பும் சபையன்று என்கிறார்.

இங்கே இறையியல் மாணவர் உடனே ஓரிகனையும் கார்ல் பார்த்தையும் எடுத்துக்கொண்டு களத்தில் இறங்குவர். அது வேண்டிய விவாதமே. ஆனால் நாடகம் கேட்பது வேறு. ஒரு போதகர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளும்போது, அதை யாரோடு சேர்ந்து மாற்றிக்கொள்ள வேண்டும்? பவுல் தனியே சிந்தித்தார், தனியே முடிவெடுத்தார், ஆயிரம் பேர் முன் அறிவித்தார். உடன் ஊழியன் ஜோஷுவா அங்கேயே எதிர்க்கிறான். வாக்கெடுப்பு நடைபெறுகிறது, சிலரோடு அவன் வெளியேறுகிறான்.

ஜோஷுவாவைக் குறுகிய மனத்தவனாகப் படைத்திருந்தால் நாடகம் மலிந்திருக்கும். ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. அவன் தாய் நம்பிக்கை கொள்ளாமலே இறந்தவள். நரகம் இல்லை என்று நம்புவதற்கு மற்றெவரையும்விட அவனுக்குக் காரணம் உண்டு. இருந்தும் அவனால் நம்ப முடியவில்லை. பவுலுக்குக் கேள்விப்பட்ட ஒரு சிறுவனின் மரணம். அவனுக்குக் கண்ணால் கண்ட தாயின் மரணம். கொள்கை வேறுபாட்டின் அடியில் இருவருக்கும் ஒவ்வொரு பிணம் கிடக்கிறது. திருச்சபைப் பிளவுகளை ஆராய்வோர் இக்காட்சியை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

நாடகத்தின் கூர்மையான கேள்வியோ ஜென்னி என்னும் சாதாரணப் பெண்ணிடமிருந்து வருகிறது. தனியே பிள்ளை வளர்க்கும் தாய். சபையால் பல நன்மை பெற்றவள். எழுதி வந்ததை நடுக்கத்தோடு வாசிக்கிறாள். இப்புதிய நம்பிக்கை போதகருக்கு எப்போது தோன்றியது? கடன் தீரும்வரை காத்திருந்து பிறகு அறிவித்தாரா? தன் போன்றோர் வறுமையிலும் கொடுத்த காணிக்கை அதற்குத்தானா? பவுலின் பதில் நம்மை நிறைவுசெய்யவில்லை. அவரையும் நிறைவுசெய்ததாகத் தெரியவில்லை. அவருடைய இறையியல் தவறு என்று ஜென்னி மெய்ப்பிக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கும் ஒரு நாட்குறிப்பு உண்டு, அதில் பணக்கணக்கும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் காட்டிவிடுகிறாள்.

மற்றொரு மேடை உத்தியும் குறிப்பிடத்தக்கது. பாத்திரங்கள் யாவரும், போதகரும் மனைவி எலிசபெத்தும் படுக்கையறையில் பேசும்போதும்கூட, கையில் ஒலிவாங்கியை வைத்துக்கொண்டே பேசுகின்றனர். முதலில் நகைப்பு எழும். பிறகு அச்சம் எழும். மேடைக்குரல் ஒன்றைத் தவிர வேறு குரல் இல்லாமற்போன ஒரு மனிதரைக் காண்கிறோம். கணவர் பெருங்கூட்டத்திற்குச் சொன்னதைத் தனக்கு முன்னரே சொல்லவில்லை என்பது மனைவியின் துயரம். அவரும் அக்கருத்தை ஏற்கவில்லை. இருவரும் முதன்முதல் சந்தித்த கதையைத் தொடக்கத்தில் பவுல் அருளுரையில் வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். வானூர்தியில், பேச ஆவல் இருந்தும் இடையில் தூரம் இருக்கிறது என்று சீட்டெழுதி அனுப்பினாராம். அத்தூரம் முடிவில் மணவாழ்வின் உண்மையாகிவிடுகிறது.

குறையும் உண்டு. எலிசபெத் பெரும்பகுதி மேடையில் வாளா இருந்து, பிற்பகுதியில்தான் நிறைவாகப் பேசுகிறார். இப்பெண்ணின் எண்ணத்தை முன்னரே கேட்டிருந்தால் நாடகம் இன்னும் வளம் பெற்றிருக்கும். ஆனால் நம் ஆலயங்களில் அவர் அமர்ந்திருக்கும் இருக்கையை நினைத்துப் பார்க்கையில், இக்குறைக்கு ஆசிரியர் ஒருவரையே பொறுப்பாக்க மனம் வரவில்லை.

5. நாம் செய்யக்கூடியது

இம்மூன்றையும் ஒருசேரப் படிக்கும்போது ஓர் ஒழுங்கு புலனாகிறது. சிறுமி ஜோன், டொனால்டின் தாய், ஜென்னி ஆகிய மூவருக்கும் கல்வியோ பதவியோ துணையில்லை. அவர்கள் முன் நிற்போர் அனைவரும் சொல்வன்மை உடையோர். விளக்கம் வெல்கிறது, ஆனால் நம் நினைவில் நிற்பது கேள்வி. குறுநாடகம் கேள்வி எவ்வாறு அவிக்கப்படுகிறது என்று காட்டியது. நீண்ட நாடகம், கேள்வியைக் கேளாமல் அறிவித்த நல்ல செய்தியும் எவ்வாறு வீட்டையும் சபையையும் குலைக்கிறது என்று காட்டியது.

இறையியல் கல்லூரிகளில் இத்தகைய நாடகங்களைப் பாத்திரம் பிரித்து உரக்கப் படிக்கும் வழக்கம் பெருகவேண்டும். அருளுரை ஆற்றிப் பழகியவர் ஜென்னியின் சொற்களையும், எலிசபெத்தின் சொற்களையும் தம் வாயால் படித்துப் பார்க்கட்டும். படித்து முடித்தவுடன் எவரும் விளக்கவுரை ஆற்றவேண்டாம். சிறிது நேரம் அமைதியாக இருந்து, பின்பு ‘இதில் பேசாதவர் யார்?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் எழுப்புதல் போதும். கிறிஸ்து பிறப்பு விழா நாடகத்தையும் ஓராண்டு இவ்வாறே முடித்துப் பார்க்கலாம்.

தீரு நாட்டில் ஒரு கிரேக்கப் பெண் நம் ஆண்டவரிடம் வந்து மன்றாடினாள். முதலில் கிடைத்த பதிலோடு அவள் திரும்பிப் போகவில்லை, எதிர்மொழி கூறினாள். அவள் சொன்ன அந்த வார்த்தையின் பொருட்டே மகள் குணமானாள் என்று மாற்கு (7:24-30) எழுதுகிறார். ஆண்டவரே ஓர் எளிய தாயின் மறுமொழிக்குச் செவிசாய்த்தார் எனில், அவர் ஊழியர் அதைக் கற்றுக்கொள்வதில் இழுக்கில்லை. அதைக் கற்பிக்கும் பள்ளிகளுள் ஒன்றாக இன்றைய நாடக மேடையையும் நாம் மதிப்போமாக.